முகாமுக்கு ஒரு வெட்டுக்கத்தி: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

ஏற்காட்டில் நண்பனின் மாமா வைத்திருக்கும் காப்பித் தோட்டத்தில் ஓர் இரவு கூடாரம் அடித்திருந்தோம். நான் அப்போதுதான் ஒரு கத்தி வாங்கியிருந்தேன். 6 மி.மீ. தடிமன், கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பார்க்கவே பயமாக இருக்கும். மணிக்கட்டுப் பருமன் உள்ள காய்ந்த சில்வர் ஓக் கிளையை வெட்ட ஆரம்பித்தேன். கத்தி மரத்தில் இறங்கவே இல்லை, போட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் எகிறி எகிறி வந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார், அப்புறம் கத்தியை வாங்கி அதன் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, பெருவிரலால் குறுக்காகத் தடவிவிட்டு, "இது கத்தி இல்ல தம்பி, ஆப்பு" என்றார். தன் அரிவாளை எடுத்து நாலு போடு போட்டார். கிளை இரண்டாகிவிட்டது. அந்த அரிவாள் என் கத்தியைவிட எடை குறைவு என்பதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மூன்று வருஷம் ஆனது. இந்த வழிகாட்டியே அதைச் சுற்றித்தான். மடங்காத கத்தி, அதாவது ஃபிக்ஸட் பிளேடு வகையில், விறகு வெட்டவும் முகாம் வேலைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதை வைத்துக் கையை வெட்டிக்கொள்ளாமல் வேலை செய்வது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள்

வெட்டுவது வேறு, சீவுவது வேறு. முகாமில் இரண்டும் வரும். கூடாரத்துக்கு முளைக்குச்சி கூர் சீவ வேண்டும், வெங்காயம் நறுக்க வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், கை பருமன் விறகைத் துண்டு போட வேண்டும், ஈரமான கட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை எடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே கத்தி செய்யும் என்று விளம்பரம் சொல்லும். செய்யும்தான், எல்லாவற்றையும் அரைகுறையாக.

என் கணக்கில் இரண்டு கத்தி. 10 செ.மீ. அளவில் மெல்லிய சின்னது ஒன்று, 22 முதல் 26 செ.மீ. வரை உள்ள வெட்டுக்கத்தி ஒன்று. சின்னதற்கு அதிகம் செலவு செய்யத் தேவையில்லை. சுவீடனின் மோரா ஊரில் செய்யும் கம்பேனியன் கத்தி மாதிரி ஒன்று போதும். வெட்டும் பகுதி சுமார் 10 செ.மீ., எடையும் பெரிதாக இருக்காது, சீவலுக்கும் சமையலுக்கும் அதைவிட விலை அதிகமுள்ள கத்திகளையே அது வெட்கப்பட வைக்கும். இனி இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரியதைப் பற்றி.

ஒரு கத்திதான் எடுத்துப்போக முடியும் என்றால்? 15 செ.மீ. நீளத்தில் ஒன்று எடுங்கள், ஆனால் பெரிய விறகை வெட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். சுள்ளி பொறுக்கினாலே சோறு பொங்கிவிடும்.

2. நீளம், எடை, எடை எங்கே இருக்கிறது

வெட்டுக்கு வேண்டியது வேகமும் எடையும். இரண்டில் வேகம் முக்கியம், ஏனென்றால் எடை இரண்டு மடங்கானால் வெட்டின் ஆற்றல் இரண்டு மடங்காகும், வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்காகும். அதனால்தான் நீளம் உதவுகிறது. கை அதே வேகத்தில் சுழன்றாலும் பிடியிலிருந்து தள்ளி இருக்கும் முனைப் பக்கம் வேகமாகப் போகும். கனமான குட்டைக் கத்தி ஏன் சோம்பலாக வெட்டுகிறது என்பதற்கும் இதுவே பதில்.

கடையில் கத்தியை எடுத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பிடியும் தகடும் சேரும் இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் ஆள்காட்டி விரலின் மேல் கத்தியைக் கிடத்தி, எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பாருங்கள். வெட்டுக்கத்தி என்றால் அந்த இடம் பிடிக்கு முன்னால் இரண்டு மூன்று விரல்கடை தள்ளி இருக்க வேண்டும். பிடிக்குள்ளேயே சமநிலை வந்தால் அது சீவுகிற கத்தி. பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, வெட்டும்போது மரத்தைத் தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நேபாளத்துக் குக்ரி இதற்கு நல்ல பாடம். நடுவில் கீழ்நோக்கி வளைந்து, வளைவைத் தாண்டியதும் அகலமாகிறது. எடை முன்னால் போய்ச் சேர்கிறது. அதோடு வளைவினால் வாய் மரத்தில் சாய்வாக விழுவதால் அடியோடு சேர்ந்து இழுப்பும் கிடைக்கிறது. மலாய் நாட்டின் பராங், இந்தோனேசியாவின் கோலோக், லாப்லாந்தில் சாமி மக்கள் வைத்திருக்கும் லெயுக்கு என்று எல்லாமே வேறு வேறு வழியில் இதையே செய்கின்றன. அவரவர் காட்டில் இருக்கும் மரத்துக்கு ஏற்ப எடையை எங்கே வைப்பது என்று அவரவர் கொல்லர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் அரிவாளை ஏன் முகாமுக்கு எடுத்துப்போகக் கூடாது? போகலாம், தாராளமாக. நின்றிருக்கும் கிளையைக் கழிக்க, முள்ளை இழுத்துப் போட, தென்னை மட்டை கழிக்க அதற்கு ஈடு கிடையாது, அந்த வளைவே அதற்காகத்தான். சிக்கல் எங்கே என்றால், தரையில் கிடக்கும் கட்டையை வெட்டும்போது வளைந்த மூக்கு முதலில் மண்ணைத் தொடும், அப்புறம் அதை வைத்துத் தக்காளி நறுக்க முடியாது, உறைபோட்டு முதுகுப் பையில் வைப்பதும் கஷ்டம். வாய் நேராக இருக்கும் வெட்டுக்கத்தியைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எடை எவ்வளவு? 450 முதல் 650 கிராம் வரை. அமெரிக்காவில் ஈதன் பெக்கர் வடிவமைத்த பிகே-9 கத்தி 9 அங்குல வாயோடு சுமார் அரைக் கிலோ இருக்கும். ஜங்லாஸ் என்று ஒன்று இருக்கிறது, 10 அங்குலத்துக்கு மேல், அதைவிடக் கனம். இரண்டுமே முதுகில் 4.8 மி.மீ. தடிமன்தான் என்பதைக் கவனியுங்கள். என் 6 மி.மீ. ஆப்பை நினைத்துக்கொண்டு கவனியுங்கள். முக்கால் கிலோவைத் தாண்டினால் பத்து நிமிஷத்தில் முன்கை களைத்துவிடும், களைத்த கையில்தான் கத்தி நழுவும். அந்த எடைக்குச் சின்னக் கோடாலியே எடுத்துப்போகலாம்.

3. வாயின் வடிவம்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம்

தடிமன் என்று பெட்டியில் போட்டிருப்பது முதுகின் தடிமன். மரத்துக்குள் போவது முதுகு இல்லை, வாய். முதுகிலிருந்து வாய்வரை தகடு எப்படி மெலிந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 6 மி.மீ. தடிமன் 45 மி.மீ. உயரம் முழுக்கச் சரிந்து இறங்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம் 8 பாகைகூட வராது. அதே 6 மி.மீ. பாதிக்கு மேல் தட்டையாகவே இருந்துவிட்டுக் கடைசி 15 மி.மீ.இல் மட்டும் சரிந்தால் கோணம் 22 பாகையைத் தாண்டும். முதலாவது கத்தி, இரண்டாவது ஆப்பு. இரண்டின் தடிமனும் ஒன்றே. குக்ரியின் முதுகு 8, 10 மி.மீ.கூட இருக்கும், ஆனாலும் வெட்டுகிறது என்றால் காரணம் இதுதான்.

சரிவுகளுக்குப் பெயர் இருக்கிறது. முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாக வருவது ஃபுல் ஃப்ளாட். பூசணி விதையின் ஓரம் மாதிரி லேசாக உப்பி வருவது கான்வெக்ஸ். பாதியில் ஆரம்பித்து ஒரே சரிவாக, கடைசியில் தனிக் கோணம் எதுவும் இல்லாமல் முடிவது ஸ்காண்டி, மோரா கத்திகளில் பார்க்கலாம். உள்ளே குழிந்து வருவது ஹாலோ, சவரக்கத்தி மாதிரி.

வெட்டுக்கத்திக்கு என் தேர்வு கான்வெக்ஸ், இல்லாவிட்டால் வாய்ப்பக்கம் மட்டும் லேசாக உப்பவைத்த ஃபுல் ஃப்ளாட். உப்பிய வாய் மரத்தில் மாட்டிக்கொள்ளாது, சில்லைப் பக்கவாட்டில் தள்ளித் தெறிக்கவிடும், வாயும் சுலபத்தில் உடையாது. ஹாலோ வேண்டவே வேண்டாம், மெல்லிய வாய் காய்ந்த சவுக்கில் மோதினால் பல் விழுந்துவிடும். ஸ்காண்டி சின்னக் கத்திக்கு அருமை, தடித்த பெரிய கத்தியில் அது மறுபடி ஆப்புதான்.

கடையில் அளவுகோல் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. ஏடிஎம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் தடிமன் சுமார் 0.76 மி.மீ. கத்தியின் கூர் தீட்டிய கோட்டுக்கு உடனே மேலே, தகடு தொடங்கும் இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், அப்புறம் கார்டைக் கிள்ளிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்ல கத்தி. கத்திப்பக்கம் இரண்டு கார்டு சேர்த்த மாதிரி தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்தப் பெரியவர் பெருவிரலால் பார்த்தது இதைத்தான். கூரை அவர் பார்க்கவே இல்லை.

கூர்க்கோணம் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை. சமையல் கத்தி மாதிரி 15 பாகைக்குத் தீட்டினால் முதல் நாள் சந்தோஷமாக இருக்கும், அன்று சாயங்காலமே வாய் மடங்கியிருக்கும்.

4. எஃகும் தோய்ச்சலும்

இணையத்தில் எஃகுப் பெயர்களை வைத்துப் பெரிய சண்டையே நடக்கும். வெட்டுக்கத்திக்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். வேண்டியது உடையாத குணம். கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், காட்டில் இரண்டாக உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

1095 என்பது சுமார் 0.95 விழுக்காடு கார்பன் உள்ள எளிய எஃகு. கூர் நன்றாக ஏறும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், துருப்பிடிக்கும். 5160 லாரி ஸ்பிரிங் பட்டையில் வரும் எஃகு, சுமார் 0.6 விழுக்காடு கார்பனும் கொஞ்சம் குரோமியமும். லட்சம் குழியில் இறங்கி ஏறி வளைந்தாலும் உடையாமல் இருக்கச் செய்யப்பட்டது, அதனால் வெட்டுக்கத்திக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. நேபாளத்திலும் பழைய வண்டிப் பட்டையைக் காய்ச்சித்தான் குக்ரி அடிக்கிறார்கள், நம் ஊர்ப் பட்டறைகளிலும் அதுவே. டி2 வகையில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருந்தாலும் அது முழுத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல முடியாது, கூர் ரொம்ப நாள் நிற்கும், ஆனால் ஓங்கிப் போடும் வேலைக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துருவே கூடாது, கடற்கரைப் பக்கம் இருக்கிறேன் என்றால் 14சி28என் மாதிரி நல்ல துருப்பிடிக்காத எஃகு சின்னக் கத்திக்குச் சரி.

எஃகைவிடப் பெரிய விஷயம் தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்ததும் எஃகு கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், அடித்தால் சிதறும். மறுபடி மிதமாகச் சூடேற்றி அந்த முரட்டுத்தனத்தைக் குறைத்தால்தான் கத்தி. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் வெட்டுக்கத்திக்கு 54 முதல் 58 வரை போதும். 60-க்கு மேல் என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது வெட்டுவதற்குச் செய்தது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குக்ரி அடிக்கும் கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சிய தகட்டின் வாய்ப்பக்கம் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். வாய் கடினமாகும், முதுகு இளக்கமாகவே நிற்கும். பார்த்தால் தேநீர் ஊற்றுவது மாதிரிதான் இருக்கும்.

பட்டறையில் செய்து வாங்குவதானால், சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர், ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றில்லை, உங்கள் ஊரில் விவசாயிகள் யாரிடம் அரிவாள் வாங்குகிறார்கள் என்று கேட்டு அவரிடம் போங்கள். "காட்டுக்குக் கத்தி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். பட்டை எஃகுதான் வேண்டும், முதுகு 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம், முனைப்பக்கம் கொஞ்சம் அகலம், இந்த மரத்தை வெட்டப்போகிறேன் என்று சொல்லுங்கள். கடைசியில் சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாயில் நீலம் பூத்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி இளகிவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல கொல்லருக்கு இதைச் சொல்லவே வேண்டியிருக்காது, கோபித்துக்கொள்வார்.

5. காம்பு

பிடிக்குள் போகும் இரும்பைத்தான் காம்பு என்கிறேன். பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் இரும்பு ஓடினால் அது ஃபுல் டாங், இரண்டு பக்கமும் பலகை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள். வெட்டுக்கத்திக்கு அதையே வாங்குங்கள். ஆனால் மெல்லிய காம்பு என்றாலே குப்பை என்று சிலர் சொல்வது மிகை. 1942-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட கே-பார் கத்திக்கு மெல்லிய காம்புதான், மேலே தோல் வளையங்களை அடுக்கியிருப்பார்கள், ஒரு போரையே பார்த்துவிட்டு வந்தது. பழைய பாணிக் குக்ரிக்கும் அப்படியே. உடைவது எங்கே என்றால், தகடும் காம்பும் சேரும் இடத்தில் கூரான சதுர மூலை விட்டிருந்தால் அங்கே. அது வளைவாக இருக்க வேண்டும். பிடியைக் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது என்பதால்தான் முழுக்காம்பு வாங்கச் சொல்கிறேன்.

6. பிடி

கடையில் ஐந்து நொடி பிடித்துப் பார்த்துப் பிடியைத் தீர்மானிக்க முடியாது. ஐம்பது வெட்டுக்குப் பிறகுதான் கொப்புளம் பேசும்.

பார்க்க வேண்டியவை: முட்டை வடிவக் குறுக்குவெட்டு, அப்போதுதான் கண்ணை மூடினாலும் வாய் எந்தப்பக்கம் என்று கைக்குத் தெரியும். பின்முனையில் கீழ்நோக்கிய கொக்கி மாதிரி ஒரு வளைவு, ஓங்கும்போது சுண்டுவிரல் அதில் மாட்டிக்கொண்டு கத்தியைப் பறக்கவிடாது. விரலுக்கு விரல் பள்ளம் போட்ட பிடி வேண்டாம், அந்தப் பள்ளம் வேறு யாருடைய விரலுக்கோ அளவெடுத்தது. ஆணித்தலை துருத்தாமல் இருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள்.

மைக்கார்ட்டா எனக்குப் பிடித்த பொருள். துணியைப் பசையில் அடுக்கி அழுத்திச் செய்தது, ஈரமானால் பிடிப்பு கூடுமே தவிரக் குறையாது. நம் வெயிலில் கை வேர்க்காமல் வெட்ட முடியாது, ஆகவே இது பெரிய விஷயம். பளபளவென்று மெருகேற்றிய மரப்பிடி அழகுதான், ஒருமுறை கொல்லிமலையில் வேர்த்த கையோடு அப்படி ஒரு பிடியை ஓங்கியபோது கத்தி என் கையை விட்டுப் போய்ச் செடிக்குள் விழுந்தது. நல்லவேளை முன்னால் யாரும் இல்லை. அன்று இரவே மணல்தாளால் அந்த மெருகை முழுக்கத் தேய்த்தெடுத்தேன்.

7. மற்றவை சுருக்கமாக

முதுகில் ரம்பப் பல் வேண்டாம். மரம் அறுக்காது, பிளக்கும்போது மேலே தட்டும் கட்டையைத்தான் தின்னும். அறுக்க வேண்டுமென்றால் மடக்கு ரம்பம் ஒன்று தனியாக வாங்குங்கள். முதுகு வெறுமையாக, ஓரம் சதுரமாக இருந்தால் தீப்பொறிக் குச்சியை உரசப் பயன்படும்.

பிடிக்கும் வாய்க்கும் நடுவில் சின்ன வெட்டு இருந்தால் கடைசிவரை தீட்ட முடியும். பெரிய விரல்பள்ளம் இருந்தால் அவ்வளவு நீள வாயை இழக்கிறீர்கள். கறுப்புப் பூச்சு துருவைத் தடுக்கும், மரத்தில் உராய்வையும் கூட்டும், வெட்ட வெட்டத் தானாகப் போய்விடும்.

உறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோல் உறை பார்க்க அழகு, ஈரத்தைப் பிடித்து வைத்துக் கத்தியைத் துருவேற்றும். கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை நம் மழைக்கு நல்லது. தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள், கத்தி அசையக் கூடாது. துணி உறைக்குள் பிளாஸ்டிக் தகடு இல்லையென்றால் வாய் வெளியே வந்து தொடையைப் பார்க்கும்.

8. வாங்கியதும் சோதனை

முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள், தகடு ஒருபக்கம் கோணியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். முனையை லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் பிடிக்குள் கரகரப்பு கேட்கக் கூடாது. அப்புறம் காய்ந்த மரத்தில் இருபது வெட்டு போட்டு, வாயை விளக்கொளிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. பளிச்சென்று புள்ளி தெரிந்தால் அங்கே மடங்கியிருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. மடங்கினால் எஃகு கொஞ்சம் இளக்கம், இல்லை கோணம் ரொம்ப மெல்லிசு. தீட்டினால் சரியாகும். பிறை பிறையாக உடைந்திருந்தால் தோய்ச்சல் முரடு, பிழைக்காது.

9. வெட்டும் முறை

முதலில் இடம். கத்தி நுனிவரை கையை நீட்டி ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள், தலைக்கு மேலும். அந்த வட்டத்துக்குள் ஆள், கொடி, கூடாரக் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. நின்றுகொண்டு தாழ்வான கட்டையை வெட்டாதீர்கள், தப்பிய வெட்டு நேராக முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வந்து நிற்கும். மண்டியிடுங்கள், அப்போது தப்பிய வெட்டு தரையில் போகும். உட்கார்ந்து தொடைக்கு நடுவில் வைத்துச் சீவுவது அதைவிட மோசம், தொடையின் உட்புறத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

வெட்டப்போகும் கட்டைக்கு அடியில் இன்னொரு கட்டை வையுங்கள். மண்ணில் ஒருமுறை பட்டால் அரைமணி நேரத் தீட்டல் போச்சு.

நேராக, செங்குத்தாகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் நாரைக் குறுக்கே நசுக்குவதுதான் நடக்கும். 45 பாகை சாய்த்து வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு வாய்திறந்த பள்ளமாக்குங்கள். பள்ளத்தின் வாய் கட்டையின் பருமன் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும், குறுகலாக ஆரம்பித்தால் பாதியில் கத்தி சிக்கும். முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஓர் இடம் இருக்கும், அங்கே பட்டால் கையில் அதிர்வே வராது. பத்து வெட்டில் அதைக் கை கண்டுபிடித்துவிடும்.

பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, மற்ற மூன்றும் தளர்ந்திருந்து, கத்தி மரத்தைத் தொடும் நொடியில் மட்டும் மூடட்டும். கை பழகியவர் வெட்டுவதைப் பார்த்தால் முழுக்கை ஆடாது, மணிக்கட்டில் ஒரு சொடுக்கு மட்டும் இருக்கும். கையில் கயிறு மாட்டுவதானால் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டாதீர்கள், நழுவிய கத்தி திரும்பி வந்து அதே கையில் விழும்.

மரத்துக்கு மரம் வேறுபடும். சில்வர் ஓக் சுலபம். காய்ந்த சவுக்கும் சீமைக் கருவேலமும் கல் மாதிரி, அவற்றில் கத்தியைச் சோதிக்காதீர்கள். மூங்கிலில் மணல்சத்து அதிகம், கூரை வேகமாகத் தேய்க்கும், ஆனால் நுனியில் கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தானாகப் பிளந்துகொண்டு போகும்.

10. கட்டையால் தட்டிப் பிளப்பது

கத்தியின் வாயை விறகின் வெட்டுமுகத்தில் வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்பதை பேட்டனிங் என்பார்கள். விறகின் குறுக்களவைவிடக் கத்தி நாலு விரல்கடையாவது நீளமாக இருக்க வேண்டும், முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் தொடர்ந்து தட்ட முடியும். தட்டும் கட்டையும் மரமாகவே இருக்கட்டும், கல்லோ சுத்தியலோ கூடாது. பிடியை மட்டமாக வைத்திருங்கள், பிடியைக் கீழே அமுக்கிக்கொண்டு முனையில் தட்டினால் காம்பு சேரும் இடத்தில் மொத்தப் பளுவும் விழும். முடிச்சு உள்ள விறகைத் தொடவே தொடாதீர்கள், பக்கத்தில் வேறு விறகு இருக்கும். இந்த ஒரு வேலையில் மட்டும் என் பழைய 6 மி.மீ. கத்தி ராஜா என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆப்புக்கு ஆப்பு வேலை.

11. சட்டம், கொஞ்சம் கவனமாக

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் விலக்கு. அரிவாள் ஊரெல்லாம் விற்பது அந்த விலக்கில்தான். கறுப்புப் பூச்சும் ரம்பப் பல்லும் உள்ள 10 அங்குலக் கத்தியை விவசாயக் கருவி என்று சோதனைச்சாவடியில் விளக்குவது உங்கள் பாடு. முதலில் சொன்ன 22 முதல் 26 செ.மீ.இல் 9 அங்குலத்துக்குள், அதாவது 22 செ.மீ. பக்கமே வாங்குவது வேலைக்கும் போதும், நிம்மதிக்கும் நல்லது. எதுவானாலும் உறைபோட்டுப் பைக்குள் ஆழத்தில் இருக்கட்டும், இடுப்பில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

காட்டுக்குள் விஷயமே வேறு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே கத்தியும் சேர்ந்திருக்கிறது, சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. முதுமலையிலோ களக்காட்டிலோ போய் விறகு வெட்டலாம் என்று கனவு காணாதீர்கள், அங்கே விழுந்து கிடக்கும் குச்சியையும் எடுக்க முடியாது. நான் மேலே சொன்ன எல்லாமே தோட்டம், பண்ணை மாதிரி தனியார் இடத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, காய்ந்த மரத்தில் செய்வதற்குத்தான்.

12. தீட்டுவதும் வைப்பதும்

ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (சொரசொரப்பைச் சொல்லும் எண்) உள்ள கல் ஒன்று போதும். கோணம் பிடிக்கத் தெரியவில்லையா? 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 14 மி.மீ. தூக்கினால் 20 பாகை வந்துவிடும். வாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மை முழுக்க அழிந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்குங்கள். ஒரு பக்கம் தீட்டி மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் விடுவதால்தான் மணிக்கணக்கில் தீட்டியும் கூர் வரவில்லை என்று புலம்புகிறோம். உப்பிய வாய்க்குக் கல் ஒத்துவராது. பழைய மவுஸ் பேடின் மேல் மணல்தாளை வைத்து, வாய் பின்னால் வரும்படி இழுத்தால் அந்த வளைவுக்கு ஏற்பத் தாள் அமுங்கிக் கொடுக்கும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இருபது இழுப்பு.

எலுமிச்சை, புளி, வாழைப்பூக் கறை பட்டால் கார்பன் எஃகு சாம்பல் நிறமாகும். அது துரு இல்லை, விட்டுவிடுங்கள், துருவிலிருந்து ஓரளவு காக்கவும் செய்யும். செம்பழுப்பாகப் பொடி வந்தால்தான் துரு. வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் சமையலுக்குப் போகும் கத்திக்குப் பரவாயில்லை, நாள்பட்டால் பிசுபிசுவென்று ஒட்டி நாறும். நீண்ட நாள் வைப்பதானால் உறைக்குள் வைக்காமல் எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி வையுங்கள்.

கத்தி போகும் பையிலேயே காயக்கட்டும் போகட்டும். அகலமான சுத்தமான துணிக்கட்டு இரண்டு, ஒட்டும் டேப். ஆழமாக வெட்டிக்கொண்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் துணியை வைத்து நேராக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். முகாமில் எந்த இடத்தில் போன் எடுக்கும் என்பதைக் கூடாரம் அடிப்பதற்கு முன்பே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.